பி.பி.ஓ.வில் என்ன பதவி இருக்கிறது? முதலில் அதைப் பாருங்கள்

நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவரை ஊரில் மரியாதையாக "ஆபீசர்" என்பார்கள். பென்ஷனுக்கு அந்தப் பேச்சு செல்லாது. பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவில் எந்தப் பதவி அச்சாகியிருக்கிறதோ, அதற்குத்தான் காசு.

தரைப்படையில் சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர், இவர்கள் ஜே.சி.ஓ.க்கள், அதாவது ஹவில்தாருக்கும் ஆபீசருக்கும் இடைப்பட்டவர்கள். லெப்டினன்ட்டில் இருந்துதான் ஆபீசர். சுபேதார் மேஜர் வரைக்கும் ஆவணங்கள் அவரவர் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் இருக்கும்: மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படைக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக். ஆபீசர்களுக்கு டெல்லி. ஹவில்தாரின் மனைவி "என் கணவர் ராணுவ அதிகாரி" என்று எழுதி டெல்லிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்காக மாசக்கணக்கில் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இது எங்களிடம் வராது என்று ஒரு வரி எழுதிப்போட அங்கே ஆளில்லை.

2014 ஜூலை 1 முதல் 'ஒரே பதவி ஒரே பென்ஷன்'. எப்போது ஓய்வு பெற்றாலும், பதவியும் சேவைக்காலமும் ஒன்றானால் தொகையும் ஒன்று. பென்ஷன் அட்டவணையில் பார்ப்பது மூன்று: பதவி, குரூப் (செய்த வேலையை வைத்துப் பிரித்த சம்பளப் பிரிவு), தகுதிச் சேவை (பென்ஷனுக்குக் கணக்கில் வரும் வருஷங்கள்). இதில் ஒன்று பி.பி.ஓ.வில் பிசகினாலும், அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்ப பென்ஷன் வரை குறையலாம்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். முன்பெல்லாம் கடைசிப் பதவியில் பத்து மாதம் நிறையாமல் வெளியே வந்தவருக்கு, கீழ்ப் பதவிக்கே பென்ஷன் போட்டார்கள். மஞ்சப்பையில் இருந்து ஒரு ஆச்சி எடுத்துக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஹவில்தார் என்று மையால் எழுதியிருந்தது, பி.பி.ஓ.வில் நாயக். இத்தனை வருஷத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் இரண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று எம்.ஏ.சி.பி. ப்ரமோஷன் கிடைக்காதவருக்கு 8, 16, 24 வருஷத்தில் அடுத்த படியின் சம்பளம் கிடைக்கும், பதவி ஏறாது. நாயப் சுபேதார் சம்பளம் வாங்கிய ஹவில்தார், ஹவில்தார்தான். ஆனால் இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அவருக்கு செமி பிரைவேட் வார்டு உண்டு. சாதாரண ஹவில்தாருக்கு ஜெனரல் வார்டு. அட்டையில் என்ன வார்டு என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

பென்ஷன், ஸ்பர்ஷ் என்கிற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் முறைக்கு மாறியிருந்தால் பேங்க்குக்கு அலையாதீர்கள். கணக்கில் பணம் வந்து விழுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. இதை முதல் நாளே சொல்லாமல் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று வயசானவர்களை நடக்க விடுகிறார்கள். பதவியோ பெயரோ தப்பு என்றால் ரெக்கார்ட்ஸ் அலுவலகம்தான் திருத்தத்தைத் தொடங்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மனு அனுப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.

மனுவின் தலையில் படை எண், பதவி, பிரிவு. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஒரிஜினலை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "அதெல்லாம் வேண்டாம்மா" என்றால், அங்கேயே நின்று வாங்குங்கள்.