ஆறு எவ்வளவு வேகமாகத் தோண்டுகிறது?

ஆறு பாறையை அறுத்துக்கொண்டே கீழே இறங்குகிறது. நேற்று எந்த மட்டத்தில் ஓடியது என்பதற்கான தடயத்தையும் அதே ஆறு அரித்துவிடுகிறது. அதனால் பள்ளத்தாக்கின் ஆழத்தை அளப்பது சுலபம், அது உருவான வேகத்தைக் கண்டுபிடிப்பது கடினம். இதில் கைகொடுப்பது எரிமலை.

அமெரிக்காவின் அரிசோனாவில், கிராண்ட் கேன்யனின் மேற்குப் பகுதியில் எரிமலைக்குழம்பு பலமுறை விளிம்பிலிருந்து வழிந்து கொலராடோ ஆற்றில் விழுந்திருக்கிறது. 1869-இல் படகில் அந்த வழியே போன புவியியலாளர் ஜான் வெஸ்லி பவலின் குழு இந்தப் பாறைகளைப் பார்த்தது. குழம்பு ஆற்றையே அணைபோல் மறித்தது. பிறகு ஆறு அதை உடைத்துப் போய்விட்டாலும், துண்டுகள் சுவர்களில் ஒட்டியபடி நிற்கின்றன. சில இடங்களில் அந்தக் கரிய பசால்ட் பாறை, நெட்டுத் தூண்களாகப் பிளந்து நிற்கிறது. அதன் அடியில் தண்ணீர் உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்கள் கிடக்கின்றன. அந்தக் கற்கள் கிடக்கும் இடம்தான் பழைய ஆற்றுப்படுகை. சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் பிள்ளையின் உயரத்தைக் குறித்து வைப்போமே, அதுபோல.

சரி, தேதி எப்படிக் கிடைக்கிறது? பாறையிலுள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு மெல்லச் சிதைந்து, அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாகிறது. உருகிய நிலையில் ஆர்கான் வெளியேறிவிடும், இறுகியபின் உள்ளேயே சேரும். அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள் என்பதால், சில லட்சம் ஆண்டுகளில் சேரும் வாயு மிகச் சொற்பம். பாதாளத்திலிருந்தே படிகங்களுக்குள் சிக்கி வந்த பழைய ஆர்கான் கொஞ்சம் கலந்தாலும் பாறை தன் உண்மை வயதைவிடக் கிழடாகத் தெரியும். மாதிரியை அணு உலையில் நியூட்ரான்களால் தாக்கி, படிப்படியாகச் சூடேற்றி அளக்கும் ஆர்கான்-ஆர்கான் முறை இந்தச் சிக்கலைப் பெருமளவு பிரித்துக் காட்டியது. முன்பு பத்து லட்சத்துக்கும் மேல் என்று கருதப்பட்ட சில பாறைகளின் வயது இதனால் குறைந்தது.

அப்புறம் கணக்கு எளிது. பழைய படுகை இன்றைய படுகைக்கு 75 மீட்டர் மேலே இருந்து, மேலுள்ள பசால்ட்டுக்கு 5 லட்சம் வயது என்றால், ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர். ஆனால் எங்கிருந்து அளக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குழம்பு சரிவில் வழிந்து உறைந்திருந்தால் அதன் அடிப்பாகம் ஆற்றுமட்டத்தைக் காட்டாது. கூழாங்கல்லும் அதற்குக் கீழே ஆறு செதுக்கிய பாறைத்தளமும் சேர்ந்து தெரிந்தால்தான் நம்பலாம்.

இப்படி அளந்ததில், கிழக்குப் பகுதியைவிட மேற்கில் வேகம் ஏறக்குறைய பாதிதான் என்று தெரிந்தது. டோரோவீப், ஹரிக்கேன் ஆகிய நிலப்பிளவுகளின் மேற்குப்பக்கம் தாழ்ந்துகொண்டே போவதே இதற்கு முக்கியக் காரணம். ஆறு வெட்ட வெட்ட, தரையும் கூடவே இறங்குகிறது!

இந்த வேகத்தை அப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னோக்கி நீட்டுவது தவறு. அணைத் துண்டுகள் பெரும்பாலும் கடந்த 8.5 லட்சம் ஆண்டுகளைத்தான் சொல்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு, பள்ளத்தாக்கின் மேற்கு வாயிலைத் தாண்டி, சாண்டி பாயின்ட் என்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே கொலராடோவின் கூழாங்கற்கள்மேல் சுமார் 44 லட்சம் ஆண்டு வயதுள்ள பசால்ட் அமர்ந்திருக்கிறது. அதே வட்டாரத்தில் ஏறக்குறைய 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்த சுண்ணாம்புப் பாறையில் அந்த ஆற்றின் மணலோ கல்லோ இல்லை. ஆறு இங்கே வந்து சேர்ந்தது இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான்.