லீன் என்றால் மெலிவு இல்லை, செட்டு

லீன் (lean) என்பது வேலையில் வீணாவதைக் களையும் உற்பத்தி முறை. அச்சகம் நடத்துகிற ஒருவரிடம் ‘லீன் முறைப்படி குழுவை அமைக்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாலு பேர் பார்க்கிற வேலையை ரெண்டு பேரை வைத்து முடிக்கச் சொல்கிறோம் என்றுதான் முதலில் நினைப்பார். இந்தத் தப்பான புரிதலில் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. ‘மெலிந்த உற்பத்தி’ என்று எழுதிவிடுகிறோம். தமிழில் மெலிவு என்றால் நோயில் இளைத்தது, வலு குறைந்தது. ‘சாய்ந்த உற்பத்தி’ என்பது அதைவிட மோசம், ஏனென்றால் சாய்வதைக் குறிக்கும் லீன் வேறு சொல், இது வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த இரண்டும் பின்னால் ஒரே உச்சரிப்புக்கு வந்துவிட்டன.

கறிக்கடையில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். லீன் கறி என்றால் கொழுப்பில்லாத தனிக்கறி. சதை அப்படியே இருக்கிறது, போனது கொழுப்பு மட்டும்.

தொழிற்சாலைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஜான் கிராஃப்சிக். கலிபோர்னியாவில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நடத்திய கார் ஆலையில் பொறியாளராக இருந்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர், 1988இல் எழுதிய கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். முதலில் அவர் வைத்திருந்தது ‘எளிதில் உடையக்கூடியது’ என்ற பொருள் தரும் சொல். கையிருப்பைக் குவித்து வைக்காத ஆலையில் ஓரிடத்தில் தடங்கல் வந்தால் எல்லாமே நின்றுவிடும் அல்லவா, அதனால். டொயோட்டா தன் முறைக்கு லீன் என்று பெயர் வைக்கவில்லை, அங்கே டொயோட்டா உற்பத்தி முறை என்றுதான் பெயர். அதை வளர்த்தெடுத்த தாயிச்சி ஓனோ விரட்டியது ‘முடா’வை. நம் மொழியில் வீண்.

அச்சகத்தில் எது வீண்? நிறம் சேரும்வரை ஓடிப்போகும் வேஸ்ட் தாளை எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் பெரிய வீண் நல்ல சரக்கு மாதிரியே அடுக்கில் உட்கார்ந்திருக்கும். விலை குறையும் என்று ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து பில் புத்தகம் அடித்து வைத்த கடைகளை நினைத்துப் பாருங்கள், 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் பழைய வரி எண் போட்ட அத்தனையும் எடைக்குத்தான் போனது. நாள்காட்டித் தொழில் இதை எப்போதோ புரிந்துகொண்டது. தேதித்தாள் கட்டு எல்லோருக்கும் பொது, அதை முன்கூட்டியே அடித்துவிடலாம். கடைப்பெயர் வருகிற அட்டையை ஆர்டர் வந்த பிறகுதான் அடிக்கிறார்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் எடுப்பது இதற்கு ரொம்பப் பொருத்தமான ஏற்பாடு.

சரி, குழுவுக்கு வருவோம். பெரும்பாலான அச்சகங்களில் ஆட்கள் பிரிவு பிரிவாக இருப்பார்கள்: கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி, அச்சுத்தகடு எடுக்கும் பிளேட், மெஷின், பைண்டிங். ஒரு பிரிவில் நடந்த தப்பு அடுத்த பிரிவுக்குப் போன பிறகுதான் தெரியும். லீன் சொல்வது, ஒரு வேலையைச் சுற்றி இந்த நாலு பேரையும் உட்கார வையுங்கள் என்று. ஒரே பெரிய தாளில் 16 பக்கம் அடித்து மடிக்கிற ஃபாரம் ஒன்று இருக்கிறது, பிளேட் போடுவதற்கு முன்னால் பைண்டிங்காரர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று முறை மடித்து, ஓரத்தில் பென்சிலால் பக்க எண் எழுதி, பிரித்துக் கணினித் திரையோடு வைத்துப் பார்க்கிறார்: 9ஆம் பக்கம் தலைகீழாக இருக்கிறது. ஒரு டம்மித் தாளோடு போயிற்று. அவரைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் அடித்து முடித்த தாள் மொத்தமும் குப்பை. இங்கே யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை, கடைசியில் நின்ற ஆளை முன்னால் கொண்டுவந்தோம், அவ்வளவுதான். ஆள் குறைப்பதற்கு லீன் என்று பெயர் வைக்கிற நிறுவனங்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ‘சிக்கன உற்பத்தி’ பரவாயில்லை, ஆனால் சிக்கனம் என்றதும் மட்டமான மை வாங்கலாமா என்று மனசு போகும். என் தேர்வு செட்டு. அகராதியில் இதற்கு வாணிகம், சிக்கனம் என்று இரண்டு பொருளும் உண்டு. ‘கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறாள்’ என்றால் அந்த வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை, எதுவும் வீணாவதும் இல்லை. லீன் கேட்பதும் அதையேதான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நாலு பிளேட் சேர்ந்தாலும் செட்டு, சேர்ந்து சுற்றும் பையன்களும் ‘நம்ம செட்டு’. அதனால் மெஷின் பக்கத்தில் நின்று பேசும்போது ‘வீண் களைதல்’ என்றே சொல்லலாம், எழுத்தில் ‘செட்டுமுறை’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘லீன் டீம்’ என்று வருகிற இடத்தில் ‘செட்டான குழு’ என்று எழுதுங்கள், ‘மெலிந்த குழு’ வேண்டாம்.