“போர்டு செத்துப் போச்சு” என்று சொல்வதற்கு முன்

புதிய போர்டில் பூட்லோடரை (பவர் வந்ததும் முதலில் ஓடி, மற்ற சாஃப்ட்வேரை ஏற்றும் புரோகிராமை) ஏற்றி, பவர் கொடுத்து, டெர்மினல் காலியாகவே இருந்தால் அறையில் முதலில் எழும் குரல் “டி.டி.ஆர். வேலை செய்யல”, அதாவது மெமரி வேலை செய்யவில்லை என்பதுதான். அடுத்த குரல், போர்டே போய்விட்டது என்று சொல்லும். நான் பார்த்தவரை பல நேரங்களில் ப்ராசஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கே தடுக்கி நின்றது என்று சொல்ல அதற்கு வழி இல்லை, அவ்வளவுதான். அதனால் பூட்லோடர் வேலையில் மெமரியையோ ஸ்டோரேஜையோ தொடுவதற்கு முன், சீரியல் போர்ட்டில் ஒரே ஓர் எழுத்தை வரவழையுங்கள் என்பேன்.

இதிலும் கேபிளிலிருந்து தொடங்குவது நல்லது. பீகிள்போன் பிளாக் என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. எஸ்.டி. கார்டை எடுத்துவிட்டு, எஸ்2 பொத்தானை அழுத்திக்கொண்டு 5 வோல்ட் அடாப்டரிலிருந்து பவர் கொடுத்தால், சிப்பின் உள்ளே நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும் தொடக்கப் புரோகிராம் (பூட் ரோம்) மற்ற வழிகளைத் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் சீரியல் வழியாக ஃபைல் கேட்கும். திரையில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து வரிசையாக விழும்; எக்ஸ்மோடம் என்ற ஃபைல் அனுப்பும் முறையில் “அனுப்பு” என்பதற்கான அழைப்பு அது. அந்த எழுத்து வந்துவிட்டால் கேபிள், வோல்டேஜ், விநாடிக்கு 115200 பிட் என்ற வேகம் மூன்றுமே சரி, மீதிக் கோளாறு நம் புரோகிராம் கோடில்தான் என்று தெரிந்துவிடும். வராவிட்டால் கோடைத் திறக்காதீர்கள், டி.எக்ஸ். (அனுப்பும் பின்), ஆர்.எக்ஸ். (பெறும் பின்) இரண்டும் தவறாகச் செருகப்பட்டிருக்கிறதா, கிரவுண்ட் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 5 வோல்ட் சிக்னல் தரும் யூ.எஸ்.பி. அடாப்டரை 3.3 வோல்ட் பின்னில் செருகினால் பின் போய்விடலாம். பழைய ஆர்.எஸ்.-232 கேபிளை நேராகச் செருகுவது அதைவிட மோசம்.

சரி, கேபிள் தேறிவிட்டது. இப்போது யூ-பூட் என்ற பூட்லோடர்.

யூ-பூட்டின் முழுமையான சீரியல் டிரைவர் எழுந்து நிற்க நிறைய விஷயங்கள் கூடிவர வேண்டும். டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன ஹார்டுவேர் எங்கே இருக்கிறது என்ற விவரக் கோப்பு) படிக்கப்பட வேண்டும், ‘சோசன்’ பகுதியில் எந்தப் போர்ட்டில் பேசுவது என்று சொல்லியிருக்க வேண்டும், ஆரம்பகட்ட மெமரி ஒதுக்கீடு வேலை செய்ய வேண்டும், கிளாக் டிரைவரும் பின் டிரைவரும் முன்பே தயாராக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சீரியல் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், சீரியல் டிரைவர் கிடைக்காவிட்டால் யூ-பூட் “சீரியல் டிரைவர் இல்லை” என்று பிழைச்செய்தி கொடுத்துவிட்டு மேலே போகாது. அந்தச் செய்தி வரவேண்டிய வழியும் அதே சீரியல்தான். பார்ப்பவருக்குத் தெரிவது காலித் திரை.

இந்த முட்டுச்சந்துக்காகவே யூ-பூட்டில் ‘டீபக் யூஆர்ட்’ என்று தனி ஏற்பாடு இருக்கிறது (யூஆர்ட் என்பது சீரியல் போர்ட்டை இயக்கும் சர்க்யூட்). அதற்கு டிவைஸ் ட்ரீயும் வேண்டாம், மெமரி ஒதுக்கீடும் வேண்டாம். சில தளங்களில் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் ஓடத் தேவையான தற்காலிக மெமரி) அமைவதற்கு முன்பே இதைப் பயன்படுத்த முடியும். கான்ஃபிகரேஷனில் உங்கள் சிப்புக்கான வகையைத் தேர்ந்தெடுத்து ஆதார முகவரி, கிளாக் வேகம், ரெஜிஸ்டர்களுக்கு (யூஆர்ட்டைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்களுக்கு) இடையிலான இடைவெளி ஆகியவற்றைக் கொடுத்து, ஆரம்பத்திலேயே அதன் இனிட் ஃபங்ஷனை அழைத்தால் போதும். அறிவிப்பு ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். இயங்கத் தொடங்கியதும் தன் பெயரைக் கோண அடைப்புக்குள் அச்சிடும். முழு டிரைவர் தயாராகும்வரை சாதாரணச் செய்திகளும் இதே வழியில் வெளியே வரும். மேலே சொன்ன “டிரைவர் இல்லை” செய்தியும் அப்போதுதான் கண்ணில் படும்.

மூன்று எண்களில் இடைவெளியைத்தான் பலர் கவனிப்பதில்லை. 16550 என்ற பழைய யூஆர்ட் வகையில் எட்டு ரெஜிஸ்டர்கள் பைட் பைட்டாக அடுத்தடுத்து இருந்தன. இன்றைய பல சிப்களில் அதே ரெஜிஸ்டர்கள் நான்கு பைட்டுக்கு ஒன்றாக இருக்கின்றன. அங்கே ஷிஃப்ட் (ரெஜிஸ்டர் எண்ணை எத்தனை பிட் இடப்பக்கம் நகர்த்தினால் முகவரி கிடைக்கும் என்ற எண்) 2. அதை 0 என்று விட்டுவிட்டால், 20-ஆம் பைட்டில் இருக்கும் நிலை ரெஜிஸ்டரை கோடு 5-ஆம் பைட்டில் போய்த் தேடும். “அனுப்பத் தயார்” என்ற பிட் அங்கே இருக்காது. முதல் எழுத்தையே அனுப்பாமல் காத்துக் காத்து சுழன்றுகொண்டிருக்கும்.

கிளாக் எண்ணுக்கு ஒரு வகுத்தல் கணக்குப் போதும். 48 மெகாஹெர்ட்ஸை 16 மடங்கு 115200-ஆல் வகுத்தால் 26.04, டிவைசர் (கிளாக்கை வகுக்கக் கொடுக்கும் எண்) 26. உண்மையான கிளாக் 48 ஆக இருக்கும்போது நாம் 24 என்று எழுதியிருந்தால் டிவைசர் 13 ஆகும், எழுத்துகள் இரட்டை வேகத்தில் ஓடும், திரையில் குப்பை விழும். குப்பை விழுவது நல்ல செய்தி என்று புதியவர்களிடம் சொல்வேன். பின்னும் முகவரியும் சரியாக இருக்கின்றன, தப்பு கிளாக்கில் மட்டும்தான். ஆஸிலாஸ்கோப் இருந்தால் ‘யூ’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைத் தொடர்ந்து அனுப்பிப் பாருங்கள். அதன் பிட்கள் ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வருவதால், ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களோடு சேர்ந்து அழகான சதுர அலை கிடைக்கும். ஒரு பிட்டின் அகலம் 8.68 மைக்ரோவிநாடி இருக்க வேண்டும். 4.34 வந்தால் கிளாக் நீங்கள் நினைத்ததைப் போல இருமடங்கு. கோடில் தேடி அலைய வேண்டியதில்லை.

ராஸ்பெரி பை 3 இந்த விஷயத்தில் பலரைச் சுற்றலில் விட்ட போர்டு. அதில் பி.எல்.011 என்ற நல்ல யூஆர்ட் புளூடூத்துக்குப் போய்விட்டது. 14, 15-ஆம் ஜி.பி.ஐ.ஓ. பின்களில் கிடைப்பது மினி யூஆர்ட் என்ற எளிய வகை. அதன் வேகம் ஜி.பி.யூ.வின் கோர் கிளாக்கோடு கட்டப்பட்டிருப்பதால், கோர் வேகம் மாறினால் பாட் ரேட்டும் (சீரியல் வேகமும்) மாறிவிடும். கான்ஃபிக் ஃபைலில் யூஆர்ட்டை இயக்கும் வரியைச் சேர்த்தால் கோர் கிளாக் 250 மெகாஹெர்ட்ஸில் நிலைநிறுத்தப்படும். “சில நேரம் வருகிறது, சில நேரம் குப்பை” என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்த வரி விடுபட்டிருக்கும்.

டீபக் யூஆர்ட் தன் அறிவிப்பைத் தந்துவிட்டு அப்புறம் எல்லாம் அமைதி என்றால் சந்தேகம் நேராக டிவைஸ் ட்ரீ மேல் போக வேண்டும். விவரம் தனித்தனி இடத்திலிருந்து வருகிறது: டீபக் யூஆர்ட்டுக்குக் கான்ஃபிகரேஷன், முழு டிரைவருக்கு டிவைஸ் ட்ரீ. எஸ்.பி.எல். (முழு யூ-பூட்டுக்கு முன் ஓடும் சிறிய பகுதி) கட்டத்துக்குப் போகும் டிவைஸ் ட்ரீ இடம் மிச்சப்படுத்த வெட்டிச் சுருக்கப்படுகிறது. ஆரம்பகட்டக் குறிச்சொல் இல்லாத பகுதிகள் அதில் இருக்கவே இருக்காது. 2023-இல் அந்தக் குறிச்சொற்களின் பெயர்களும் மாறின. பழைய போர்டு ஃபைலை அப்படியே நகலெடுப்பவர்கள் இதைச் சரிபாருங்கள்.

பிரிண்ட் போடுவதற்கும் விலை உண்டு. 115200 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோவிநாடி. நூறு எழுத்து வரி ஒன்று கிட்டத்தட்ட 9 மில்லிவிநாடி. டைமிங் தப்பால் வரும் கோளாறு, பிரிண்ட் சேர்த்ததும் மறைந்து, எடுத்ததும் திரும்பி வருவது இதனால்தான். கிளாக் அணைக்கப்பட்ட போர்ட்டில் பிரிண்ட் போட்டால், நலமாக ஓடிக்கொண்டிருந்த போர்டும் அந்த வரியிலேயே நின்றுவிடலாம்.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாசலைப் பொருள் சந்தைக்குப் போகும்போது அடைக்க வேண்டும். இதில் பரவலான ஒரு தவறான நம்பிக்கை, ‘பூட் டிலே’யை (பூட் தொடங்கும் முன் கீ அழுத்தத்துக்காகக் காத்திருக்கும் நொடிகளை) 0 ஆக்கினால் யாரும் உள்ளே வரமுடியாது என்பது. 0 என்றால் காத்திருப்பு இல்லை, அவ்வளவுதான். முன்கூட்டியே கீயை அழுத்திக்கொண்டிருப்பவர் கட்டளை வரிக்குள் வந்துவிடலாம். கீயைப் பார்க்கவே கூடாது என்றால் மதிப்பு -2 ஆக இருக்க வேண்டும். அதுவும் போதாது: கர்னலை (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை) ஏற்றும் கட்டளை தோற்றால் யூ-பூட் தானாகவே கட்டளை வரிக்கு இறங்கிவிடும். ஃபிளாஷ் சிப்பின் டேட்டா பின்னைச் சரியான நொடியில் ஷார்ட் செய்து இந்தத் தோல்வியை வேண்டுமென்றே வரவழைப்பது நன்கு தெரிந்த வழிதான். கட்டளை வரி தேவையில்லை என்றால் பில்ட் செய்யும்போதே அதை நீக்கிவிடுங்கள். கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டால் போதும் என்று சொல்பவர்களுக்கு: பலகையில் செப்புத் தடம் அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொன்று, பாதுகாப்போடு தொடர்பில்லாதது. கனெக்டர் கழற்றியபின் ஆர்.எக்ஸ். பின் காற்றில் தொங்கினால், பக்கத்து மின் இரைச்சலை யூ-பூட் கீ அழுத்தமாக எடுத்துக்கொண்டு பூட்டை நிறுத்திவிடும். மேசையில், கேபிள் செருகியபடி சோதித்தால் இது ஒருநாளும் தெரியாது. வாடிக்கையாளர் இடத்தில் பத்தில் ஒன்று எழாமல் கிடக்கும், திறந்து கேபிள் போட்டதும் சமர்த்தாக எழும். ஆர்.எக்ஸ். பின்னில், அதை எப்போதும் உயர் வோல்டேஜில் பிடித்து வைக்கும் ஒரு புல்-அப் ரெஸிஸ்டரை, சர்க்யூட் வரையும்போதே ஹார்டுவேர்காரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.