ஸ்டேஜ் ஒன்றுதான், கட்டி ஒன்றல்ல

கடலூர், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஆறாத வாய்ப்புண்ணோடு கோரிமேடு ஜிப்மருக்கு பஸ் ஏறுகிறவர்களில் பலர் கன்னத்தில் புகையிலை அடக்கிப் பழகியவர்கள். சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டால், வீட்டார் கேட்பது ‘எந்த ஸ்டேஜ் சார்?’ என்றுதான். கட்டியின் அளவு, ஆழம், கழுத்தில் நெறி கட்டியது, வேறெங்காவது பரவியது எல்லாம் பார்த்து ஸ்டேஜ் சொல்வார்கள். ஆனால் ஒரே ஸ்டேஜில் ஒருவர் தேறிவிடுகிறார், இன்னொருவருக்குச் சீக்கிரமே திரும்பி வருகிறது. இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு செல்லுக்குள் இருக்கிறது.

டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் தொண்டைப் புற்றுநோயில் இது பளிச்சென்று தெரியும். அங்கே சில கட்டிகளுக்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் ஆர்.பி. புரதத்தை வைரஸின் ஈ7 புரதம் முடக்கிவிடும். செல் சும்மா இருக்காது; பெருக்கத்தை நிறுத்த பி16 என்ற இன்னொரு புரதத்தை உற்பத்தி செய்து தள்ளும். ஒயர் அறுந்த வண்டியில் பிரேக்கை மிதிப்பது போலத்தான். பயனில்லாமல் குவியும் அந்த பி16தான் நமக்குத் துப்பு. மெழுகில் பதித்த சதைத் துண்டை மெல்லிசாகச் சீவி, பி16-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியை விட்டு நிறமேற்றுவார்கள். 70 சதவீதமோ அதற்கு மேலோ புற்றுசெல்கள் அழுத்தமான பழுப்பாகத் தெரிந்தால் பாசிட்டிவ்.

2010-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய தொண்டைப் புற்றுநோயில் எச்.பி.வி. உள்ளவர்களில் 82 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இல்லாதவர்களில் 57 சதவீதம். வைரஸ் கட்டிகளில், கெட்டுப்போன செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் டி.பி.53 மரபணு பெரும்பாலும் சிதையாமல் இருக்கும், கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கட்டுப்படும். ஆனாலும் நெடுநாள் சிகரெட் பிடித்தவர்களுக்கு இந்தச் சாதகம் குறைந்துவிட்டது. 2018 முதல் பி16 பாசிட்டிவ் தொண்டைப் புற்றுநோய்க்கு ஸ்டேஜ் அட்டவணையே தனி.

சரி, நம்மூர்க் கன்னப் புற்றுநோய்க்கு? அங்கே பி16-க்கு அந்த மதிப்பு கிடையாது; பாசிட்டிவ் என்று வந்தாலும் அதை நம்பி நிம்மதி அடைய முடியாது. புகையிலைக் கட்டிகளில் பெரும்பாலும் டி.பி.53-தான் கெட்டிருக்கும். அது மோசமாகச் சிதைந்திருந்தால் பலன் குறைவு என்று ஆய்வுகள் காட்டினாலும், அதை வைத்து மட்டும் யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. நோய் எதிர்ப்பு செல்களிடமிருந்து புற்றுசெல் தப்பிக்க உதவும் பிடி-எல்1 புரதம் பெரும்பாலும் நோய் திரும்பியபோதோ பரவியபோதோ பார்ப்பது. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும், விலை கூடிய இம்யூனோதெரபி எடுபடுமா என்று ஓரளவு சொல்லும். மற்றபடி, நெறியின் உறையைக் கிழித்துப் புற்று வெளியே வந்திருக்கிறதா, வெட்டிய ஓரம் சுத்தமா என்ற பழைய மைக்ராஸ்கோப் கேள்விகள்தான் இன்றும் ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சோடு கீமோவும் வேண்டுமா என்பதை முடிவு செய்கின்றன.

இன்னொரு ஆஸ்பத்திரியில் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு அந்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திரும்பச் சதை எடுக்காமலே இந்த டெஸ்ட்டுகளைச் செய்துவிடலாம்.