அடிப்படை உத்தி: இருபத்தொன்று ஆட்டத்தின் ஒரு கலைச்சொல்

சீட்டுகளின் கூட்டு மதிப்பு இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க முயலும் பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தைக் கற்கத் தொடங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் கலைச்சொல் 'பேசிக் ஸ்ட்ராட்டஜி'. தமிழில் இதை 'அடிப்படை உத்தி' என்கிறோம். பெயர்ப்பில் குறையில்லை, எனினும் 'அடிப்படை' என்றதும் தொடக்கநிலைப் பாடம் என்றும், 'உத்தி' என்றதும் வெல்வதற்கான குறுக்குவழி என்றும் புதியவர்கள் பொருள்கொண்டுவிடுகிறார்கள். கையிலுள்ள சீட்டுகளையும், டீலர் (கசினோ என்னும் சூதாட்டக் கூடத்தின் சார்பில் சீட்டுப் போட்டு நம்மை எதிர்த்து ஆடுபவர்) திறந்து வைத்திருக்கும் ஒரே சீட்டையும் மட்டும் கொண்டு, சராசரிக் கணக்கில் எந்த முடிவு நமக்கு மிகவும் ஏற்றதோ அதை எல்லா நிலைகளுக்கும் வகுத்துச் சொல்லும் முழு அட்டவணையே இச்சொல்லின் பொருள். முன்பு விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து எண்ணும் முறைகள் வேறு. அவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே 'அடிப்படை' என்ற அடைமொழி வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் பெயரை முதலில் பார்ப்போம். 1613இல் அச்சான செர்வாந்தேசின் கதைத்தொகுப்பிலேயே இவ்வாட்டத்தின் முன்னோடி 'வெயின்தியூனா' என்ற பெயரில் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'வேன்தெயன்' என்றார்கள். இரண்டுக்கும் இருபத்தொன்று என்றே பொருள். அமெரிக்காவில்தான் பிளாக்ஜாக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்பேட் ஏஸுடன் கறுப்பு ஜாக் சேர்ந்தால் பத்து மடங்கு பணம் தந்ததால் இப்பெயர் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். சீட்டாட்ட வரலாற்றாய்வாளர் தியெரி தெபோலி இதை மறுத்து, 1896இல் தொடங்கிய குளோண்டைக் தங்க வேட்டைக் காலத்துச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இப்பெயரின் தோற்றத்தைக் காண்கிறார். துத்தநாகக் கனிமம் ஒன்றைச் சுரங்கத்தார் பிளாக்ஜாக் என்றே அழைத்துவந்தனர். ஆகவே 'கறுப்பு ஜாக்' என்று தமிழாக்குவது பொருந்தாது. 'இருபத்தொன்று' என்பதே பழம்பெயருக்கும் ஆட்டத்தின் இலக்குக்கும் ஒத்த தமிழ்ப்பெயர்.

இனி உத்தி. 'ஸ்ட்ராட்டஜி' கிரேக்கத்தில் படைத்தலைமையைக் குறித்த சொல். கணிதத்தின் ஆட்டக் கோட்பாட்டிலோ எந்த நிலை வந்தாலும் என்ன செய்வது என்று முன்கூட்டியே வகுத்த முழுத் திட்டத்தைக் குறிக்கிறது. 'வியூகம்' என்பது படை அணிவகுப்பு; 'சூழ்ச்சி' குறளில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்தாலும் இன்று சதி என்றே கேட்கிறது. வடமொழி 'யுக்தி'யின் வழிவந்த 'உத்தி'யோ, தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் நூல் செய்வதற்குரிய முப்பத்திரண்டு முறைகளின் பெயராக நிற்கிறது. வகுத்து, எண்ணி, பெயரிட்டு வைத்த முறை என்னும் அந்தப் பழைய பொருளே இங்கு மிகவும் பொருந்துவதால், வேறு சொல் தேட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த அட்டவணையை முதன்முதலில் கணித முறைப்படி வெளியிட்டவர்கள், மேரிலாந்தின் அபர்தீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய ரோஜர் பால்டுவின், வில்பர்ட் கேன்ட்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டர்மாட் என்னும் நால்வர். மேசைக் கணக்குப்பொறிகளைக் கொண்டே கணக்கிட்டு, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். தலைப்பில் அவர்கள் இட்ட சொல் 'உகந்த உத்தி' என்னும் பொருளுடையது. அதுவே தெளிவான பெயர். நிலைக்காமல் போனது வருத்தமே. பின்னர் எட்வர்ட் தார்ப் ஐ.பி.எம். 704 கணினியில் அக்கணக்கைச் செம்மைப்படுத்தினார்.

அட்டவணை எப்படிச் சிந்திக்கிறது என்பதற்கு, ஏஸ் இல்லாத பதினாறு என்னும் கையே நல்ல சான்று. ஜாக், ராணி, ராஜா மூன்றும் பத்தாகவும், ஏஸ் ஒன்றாகவோ பதினொன்றாகவோ எண்ணப்படும். இன்னொரு சீட்டு கேட்டால், பதின்மூன்று வகைச் சீட்டுகளில் ஆறு முதல் ராஜா வரையான எட்டும் நம்மை இருபத்தொன்றைத் தாண்டித் தோற்கச் செய்துவிடும். டீலர் பதினேழை எட்டும்வரை சீட்டு எடுத்தே தீரவேண்டும் என்பது விதி. ஆறைக் காட்டும் டீலர் சுமார் 42 விழுக்காடு முறை தாண்டிவிடுகிறார். எனவே அவர் ஆறு காட்டினால் நிறுத்திக்கொள்கிறோம். அவர் பத்தைக் காட்டினால் பதினாறில் நிற்பது, கேட்பதைவிடச் சற்றுக் கூடுதல் இழப்பைத் தருகிறது. ஆகவே தாண்டும் ஆபத்து இருந்தும் கேட்கிறோம். இரண்டு ஏஸ்களையும் இரண்டு எட்டுகளையும் இரு தனிக் கைகளாகப் பிரித்து ஆடுவது, இரண்டு பத்துகளைப் பிரிக்காமல் வைப்பது ஆகியவையும் இத்தகைய ஒப்பீட்டின் விளைவுகளே. ஏஸைப் பதினொன்றாக எண்ணும் கையை 'மென்கை' என்றும், மற்றதை 'வன்கை' என்றும் வழங்கலாம்.

அட்டவணை பிழையின்றிப் பின்பற்றப்பட்டாலும், நல்ல விதிகளுள்ள மேசையில் ஏறத்தாழ அரை விழுக்காடு சாதகம் கசினோவிடமே இருக்கும். முதல் இரு சீட்டிலேயே இருபத்தொன்று வந்தால், நூறு ரூபாய்க்கு 150 தராமல் 120 மட்டும் தரும் மேசைகளில் அந்தச் சாதகம் மேலும் ஒரு விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. புதியவர் அட்டவணைக்கு முன்பாக மேசைமேல் எழுதியிருக்கும் இந்த விகிதத்தைப் படிக்க வேண்டும்.

பெயராலேயே ஏமாற்றும் இன்னொரு சொல் 'இன்சூரன்ஸ்'. டீலர் ஏஸைக் காட்டும்போது, மறைந்த சீட்டு பத்து மதிப்புடையது என்று கட்டும் தனிப் பந்தயம் அது. வென்றால் இரு மடங்கு கிடைக்கும். ஒற்றைக் கட்டில் அந்த ஏஸ் நீங்கலாக 51 சீட்டுகள். அவற்றில் பத்து மதிப்புடையவை 16. ஒவ்வொரு முறையும் பத்து ரூபாய் கட்டினால், 51 முறையில் சராசரியாக 320 ரூபாய் வரும், 350 ரூபாய் போகும். இதைக் 'காப்பீடு' என்று பெயர்க்காமல் 'பக்கப் பந்தயம்' என்று பெயர்ப்பதே நேர்மையானது. அடிப்படை உத்தி இதை எந்தக் கைக்கும் ஏற்பதில்லை.