தூங்கியவரின் படம்

மத்தியான வெயில். கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் நிழலில், தள்ளுவண்டியின் மேல் ஒருவர் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் பாதி கிழிந்த விளம்பரம். அதில் ஒரு சொகுசு மெத்தை. தெருவில் படம் எடுக்கப் பழகிய யாரும் விட்டுவைக்காத காட்சி. நானும் விடவில்லை. அன்று இரவே தெருவின் பெயரைப் போட்டு, குறும்பாக ஒரு வரியும் எழுதி இணையத்தில் ஏற்றினேன். நன்றாக ஓடியது.

மூன்று வாரம் கழித்து அதே தெருவுக்குப் போனபோது பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் படம் நீங்க எடுத்ததுதானே? அதைப் பார்த்துட்டு மேஸ்திரி இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாரு." விடிவதற்கு முன்பே வந்து மூட்டை இறக்கியவர், மதியம் ஒரு மணி நேரம் கண் அயர்ந்திருக்கிறார். மூட்டை இறக்கியது என் படத்தில் இல்லை, தூக்கம் மட்டும்தான் இருந்தது. உடனே நீக்கினேன். அதற்குள் அது யார் யார் போனிலோ போய் உட்கார்ந்துவிட்டது.

இருபது வருடமாகத் தெருவில் படம் எடுக்கிறேன். புதிதாக வருபவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கவும் செய்கிறேன். அவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: பொது இடத்தில் ஆட்களைப் படம் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா? நாட்டுக்கு நாடு பதில் மாறும். நியூயார்க்கில் ஃபிலிப் லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக் கலைஞர், டைம்ஸ் சதுக்கத்தில் நடந்து போனவர்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக் கண்காட்சி வைத்தார். படத்தில் இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். இது கலை என்று சொல்லி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அதே கண்டத்தில் கனடாவின் கியூபெக்கில் கதை வேறு. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை ஒரு கலை இதழ் கேட்காமல் வெளியிட்டது. 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. ஜெர்மனியில் ஒருவருடைய உருவப் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1907இலேயே வந்துவிட்டது. கூட்டம், ஊர்வலம், பின்னணியில் தற்செயலாக விழுந்தவர் என்று சில விலக்குகள் உண்டு. ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க் இறந்து கிடந்த அறைக்குள் 1898இல் இரண்டு பேர் திருட்டுத்தனமாக நுழைந்து படம் எடுத்ததுதான் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கதை.

ஆகவே எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு, விளம்பரத்துக்கு விற்பது வேறு என்பதையும் மறக்க வேண்டாம். இந்த மூன்றுக்கும் பல நாடுகளில் தனித்தனி விதி. ஆனால் தள்ளுவண்டியில் தூங்கியவர் விஷயத்தில் நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எனக்கு உறுத்துவதே அதுதான்.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். சென்ற ஒரு வருடத்தில் எடுத்த படங்களைத் திறந்து, பேட்டை பேட்டையாகப் பிரித்துப் பாருங்கள். வசதியானவர்கள் வாழும் பகுதியில் எதை எடுத்திருக்கிறீர்கள், கூலித் தொழிலாளர்களும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் இருக்கும் பகுதியில் எதை எடுத்திருக்கிறீர்கள்? நான் செய்து பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது. பணக்காரத் தெருவில் என் படங்களில் கண்ணாடிச் சுவர், நிழல், நாய், மாடிப்படி. ஏழைத் தெருவில் முகம், முகம், முகம். காரணம் கலையெல்லாம் இல்லை. முதல் தெருவில் "யார் நீங்கள், எதற்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்கக் காவலாளி இருந்தார். இரண்டாவது தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. தடுக்க ஆள் இல்லாத இடத்தில் என் கை தாராளமாக நீண்டிருக்கிறது.

பெருநகரத்தின் பல இனப் பேட்டைகளை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு வலை, 'வண்ணமயம்' என்ற சொல். அந்தச் சொல்லோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அந்தச் சமூகத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தில் எழுதிய பலகைக்குக் கீழே நிற்பவர் மட்டும்தான் கண்ணில் படுவார். அதே தெருவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவரும், பேருந்தைத் தவறவிட்டு எரிச்சலில் நிற்பவரும் படத்துக்கு உதவாதவர்களாகிவிடுவார்கள். என் பழைய தொகுப்பில் இப்படிப்பட்ட படங்கள் நிறையவே இருக்கின்றன. அழகாக இருக்கும், ஒரு மனிதரையும் காட்டாது.

ஒளிந்துகொண்டு எடுப்பதும் புதிதில்லை. 1838இல், புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் பாரிஸ் வீதி ஒன்றை எடுத்த படத்தில், செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் விழுந்தார். ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆனதால் நடந்து போனவர்கள் எல்லாம் படத்தில் மறைந்துபோனார்கள். நமக்குத் தெரிந்தவரை புகைப்படத்தில் முதலில் பதிந்த மனிதர்கள் அவரும் அவருக்குப் பாலிஷ் போட்டவரும்தான். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1916இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட், வேறு பக்கம் எடுப்பதுபோலத் தெரிய கேமராவின் பக்கவாட்டில் போலி லென்ஸைப் பொருத்திக்கொண்டு நியூயார்க் தெருக்களில் எடுத்தார். இன்னொரு அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ் 1938லிருந்து சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து எடுத்த முகங்கள், புத்தகமாக வந்தது 1966இல்தான். அந்த இடைவெளியைக் கவனியுங்கள். இன்று நமக்கு நான்கு நிமிடம்கூடப் பொறுமை இல்லை.

சரி, கைவேலைக்கு வருவோம். தெருவுக்கு நீள ஜூம் லென்ஸ் வேண்டாம் என்பேன். எதிர்ச் சாரியிலிருந்து ஒருவர் முகத்தை இழுத்து எடுப்பவரைத் தூரத்திலிருந்து பார்த்தாலே வேவு பார்ப்பவர் போலத்தான் தெரியும். 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 35 லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப்8இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸைத் தேடும் வேலை மிச்சம். அதைவிட முக்கியம், நீங்கள் அருகில் இருக்கிறீர்கள். அவர்களுக்கும் உங்களைத் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

மொழி தெரியாத பேட்டையில் கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் போதும், எல்லோருக்கும் புரியும். தலையை ஆட்டினால் எடுங்கள், முகத்தைத் திருப்பினால் நடந்துவிடுங்கள். முன்கூட்டியே கேட்டால் இயல்பு போய்விடும் என்பது உண்மைதான். சில நேரம் நானும் எடுத்துவிட்டுத்தான் காட்டுகிறேன். பிடிக்கவில்லை என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். போனில் எடுத்தவர்கள், சமீபத்தில் நீக்கியவை இருக்கும் இடத்திலிருந்தும் அழிக்க வேண்டும். அங்கே பல நாள் அது சும்மா கிடக்கும்.

பல நிறத் தோல் உள்ளவர்கள் ஒன்றாக நிற்கும் தெருவில், வெளிச்சத்தை அளப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். வெயிலும் வெள்ளைச் சுவரும் பின்னால் இருந்தால் கறுத்த முகம் வெறும் நிழலாகிப்போகும். அப்போது ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அந்த முகத்தையே அளந்து எடுங்கள். பின்னணி கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். இதற்கு ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்கள்தான் இருந்தார்கள். பல நிறத்தவர் சேர்ந்து நிற்கும் அட்டை வந்தது 1990களில்தான். அழகூட்டும் ஃபில்டர்களோ இன்றும் கேட்காமலே தோலை வெளுக்க வைக்கின்றன. அதை அணைத்துவிடுங்கள்.

இனி என்னை இன்னும் சரியாகத் தூங்க விடாத விஷயம்: படம் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. போன் படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி திறந்திருந்தால் எடுத்த இடமும் எழுதப்பட்டிருக்கும். பெரிய சமூக ஊடகங்களில் ஏற்றும்போது மற்றவர்கள் பார்க்கும் பிரதியிலிருந்து அது கழன்றுவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். அது இல்லாவிட்டாலும் பெயர்ப் பலகை, வண்டி எண், பள்ளிச் சீருடை எல்லாம் காட்டிக்கொடுக்கும். முகமே போதும் என்ற நிலையும் வந்துவிட்டது. கிளியர்வியூ என்ற நிறுவனம் இணையத்திலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை அள்ளி முகத்தேடலுக்கு வைத்திருந்தது 2020இல் வெளியே வந்தது. அடித்த கணவனிடமிருந்து தப்பி வேறு பேட்டையில் வாழும் பெண்ணுக்கு, குடியேற்றக் காகிதம் சரியாக இல்லாமல் தினக்கூலிக்கு வரிசையில் நிற்பவருக்கு, உங்கள் 'அழகான தெருக் காட்சி' என்ன செய்யும் என்று கொஞ்சம் யோசியுங்கள். அவர்கள் யார் என்று படம் எடுக்கும்போது நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது.

அதனால் நான் சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். எடுத்த அன்றே எதையும் ஏற்றமாட்டேன். இரண்டு மாதமாவது கிடக்கும். தெருவின் பெயர் போடமாட்டேன். குழந்தையின் முகம் பெற்றோருக்குத் தெரியாமல் வெளியே வராது. மருத்துவமனை வாசல், அழுதுகொண்டிருப்பவர், போதையில் விழுந்து கிடப்பவர் பக்கம் கேமராவே போகாது. முக்கியமாக, படத்துக்குக் கீழே எழுதும் வரியில் எனக்குத் தெரியாததை எழுதமாட்டேன். 'சோம்பல்', 'தனிமை', 'வறுமையிலும் சிரிப்பு' மாதிரியான சொற்கள் எல்லாம் நாம் ஒட்டுவதுதானே, அவர்கள் சொன்னதில்லை.

அப்புறம் சட்டைப் பையில் சின்ன அட்டைகள். என் பெயர், எண், படம் வேண்டுமானாலும் வேண்டாம் என்றாலும் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி. படம் எடுத்தவர்களிடம் கொடுத்துவிட்டு வருவேன். இதுவரை வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் பிரதி கேட்டுத்தான். நீக்கச் சொல்லி வந்தவை ஏழோ எட்டோ இருக்கும். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவை எந்தப் படங்கள் என்று இப்போது நினைவுபடுத்திப் பார்த்தாலும் முழுதாக ஞாபகம் வரவில்லை. ஒன்று மட்டும் வருகிறது. மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெண், ஈரக் கண்ணாடியில் அவருடைய முகம் இரண்டாகத் தெரியும். நல்ல படம்தான். இப்போது என்னிடமும் இல்லை.