பிணை வேறு, ஈடு வேறு

கொஞ்ச நாள் முன்பு ஒரு வங்கி நடத்திய கடன் விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பின்னால் பேனரில் கொட்டை எழுத்தில் ‘பிணையில்லாக் கடன்’. கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வந்திருந்த ஓர் அம்மா எழுந்து, “சார், அப்ப ஜாமீன் கையெழுத்து யாரும் போட வேண்டாமா?” என்று கேட்டார். “இல்லம்மா, குழுவுல இருக்கிற அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போடணும்” என்றார் அதிகாரி. “அப்புறம் எதுக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்க?” என்றார் அந்த அம்மா. அதற்கு அவரிடம் பதில் இல்லை. விண்ணப்பப் படிவம், செய்தித்தாள், சுவரொட்டி என்று இந்தச் சொல்லை எத்தனையோ இடத்தில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கு அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் ‘பிணை’க்கு ஆங்கிலத்தில் உள்ள மூலச் சொல் கொலாட்டரல். லத்தீனில் லாட்டஸ் என்றால் பக்கம், விலா. பக்கத்தில் கூடவே நிற்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். வங்கிக்காரர் வாயில் அது என்ன ஆகிறது என்றால், கடன் வாங்கி எதை வாங்குகிறீர்களோ அல்லது விளைவிக்கிறீர்களோ (டிராக்டர், மாடு, பயிர்) அது முதல் செக்யூரிட்டி, அதாவது கடனுக்கு முதல் பாதுகாப்பு. அது போதாது என்று பக்கத்தில் கூடுதலாகக் கேட்கும் வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் எல்லாம் கொலாட்டரல். எப்படிப் பார்த்தாலும் அது ஒரு பொருள், ஒரு சொத்து. ஆள் இல்லை.

பிணை என்பதோ ஆளைச் சேர்ந்தது. பிணைத்தல் என்றால் கட்டுதல். ஒருவன் வாங்கிய கடனுக்கு இன்னொருவன் தன்னைக் கட்டிக்கொள்வதுதான் பிணை நிற்பது. பிணையாளி என்றால் ஆள், பிணைக்கைதி என்றாலும் ஆள். இலங்கையில் நீதிமன்றம் ‘பிணையில் விடுவித்தது’ என்று எழுதுகிறார்கள், நாம் ஜாமீன் என்கிறோம். ஜாமீனும் அரபியிலிருந்து வந்த சொல்தான், அங்கேயும் பொறுப்பேற்கும் ஆளைத்தான் குறிக்கும். ஊரில் யாரும் வீட்டுப் பத்திரத்தைக் காட்டி ‘இது என் பிணை’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பத்திரத்தை வைப்பார்கள், நகையை அடகு வைப்பார்கள், ஆளைத்தான் பிணை நிறுத்துவார்கள்.

பொருளுக்கு நம்மிடம் இருக்கும் சொல் ஈடு. இடு என்பதிலிருந்து வந்தது, விடு வீடு ஆனதுபோல. கொடுத்தவனுக்கு நம்பிக்கை வர முன்னால் இடுவது ஈடு. முதலீடு, காப்பீடு, இழப்பீடு என்று பணம் புழங்கும் இடமெல்லாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சொல். புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கட்சி கிளம்பும்: ‘பிணை என்றால் ஆள், பிணையம் என்றால் பொருள், அதனால் கொலாட்டரலுக்குப் பிணையம் என்று வைத்துக்கொள்வோமே.’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ‘அம்’ விகுதியை நம்பி ஆளையும் சொத்தையும் பிரிக்க முடியுமா? பேனர் எழுதுகிறவர் இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுவது அதைத்தான். பிணையமில்லாக் கடன் பிணையில்லாக் கடன் ஆனது அப்படித்தான் என்பது என் சந்தேகம். அது மட்டுமா? பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் பங்கு, கடன் பத்திரம் போன்ற செக்யூரிட்டிகளுக்கும் பிணையம் என்கிறார்கள். கணினிக்காரர்கள் நெட்வொர்க்குக்கும் பிணையம் என்கிறார்கள். பிணையமில்லாக் கடன் என்றால் இணைய இணைப்பு இல்லாத கிளையில் தரும் கடன் என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘இணைப்பிணையம்’ என்று இன்னொன்றும் பார்த்தேன். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சரி, சொல் கொஞ்சம் பிசகினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இந்தச் சொல் அதிகம் புழங்கும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றிலும் பொருள் தலைகீழாகிறது.

முதலாவது, அந்த அம்மா வந்த குழுக்கடன். நபார்டு என்னும் தேசிய வேளாண் வங்கி வகுத்த கூட்டுப் பொறுப்புக் குழு முறையில் 4 முதல் 10 பேர் சேர்ந்து ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்கிறார்கள். நிலமில்லாதவர், குத்தகைக்கு உழுகிறவர் வைக்க ஒன்றும் இல்லாதவர் என்பதால்தான் இந்த ஏற்பாடே. ஈடு இல்லை, அதற்குப் பதிலாகப் பிணை இருக்கிறது. இந்தக் கடனுக்குப் போய்ப் பிணையில்லாக் கடன் என்று பெயர் வைத்தால் எப்படி?

இரண்டாவது, 2000இல் மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து தொடங்கிய குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளை. கிராமத்தில் மாவு மில்லோ எண்ணெய்ச் செக்கோ போடுகிறவர் சொத்தும் காட்டாமல், வெளியாள் கையெழுத்தும் இல்லாமல் கடன் வாங்கலாம். கடன் வாராமல் போனால் வங்கியின் நட்டத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளை தரும். அதாவது அறக்கட்டளையே பிணை நிற்கிறது! ஆங்கிலத்தில் கொலாட்டரலும் வேண்டாம், மூன்றாம் நபர் கேரன்டியும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் பிணையைப் போட்டு ‘பிணையம் மற்றும் மூன்றாம் நபர் பிணை இன்றி’ என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னதாகத்தான் படும்.

மூன்றாவது பயிர்க்கடன். கொலாட்டரல் கேட்காமல் விவசாயத்துக்குக் கடன் தர ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு 2010இல் 1 லட்சம் ரூபாய், 2019இல் 1.6 லட்சம், 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம். செய்தித்தாள்கள் ‘பிணையற்ற விவசாயக் கடன்’ என்று போட்டன. எதுவுமே இல்லாமல் கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் போனவர் அங்கே பயிரை வங்கிப் பேரில் எழுதித்தரச் சொன்னதும் ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்தார். ஏமாற்று இல்லை. முதல் ஈடாகப் பயிர் இருக்கிறது, துணை ஈடாக நிலப் பத்திரம் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஈடே இல்லாத கடன் வேறு, துணை ஈடு கேட்காத கடன் வேறு. இரண்டையும் ‘பிணையற்ற’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டியாயிற்று.

கடன் கவுன்ட்டர் முன்னால் ஒரு நாளாவது நின்றிருந்தால் மொழிபெயர்ப்பாளர் இப்படி எழுதமாட்டார். அகராதியில் முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டுகிறார்கள். போன வருடச் சுற்றறிக்கையில் இருந்ததே இந்த வருடமும் வரும். இப்போது அதையெல்லாம் படித்த இயந்திரமும் அதையே திருப்பிச் சொல்கிறது. தூய தமிழா இல்லையா என்பது எனக்குச் சண்டையே இல்லை. ஜாமீன் என்று எழுதினாலும் எனக்குச் சரி, யார் மாட்டுகிறார் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஈட்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. ‘ஈடில்லாக் கடன்’ என்று எழுதினால் ஒப்பில்லாத, உயர்வான கடன் என்று ஆகிவிடும், வங்கி விளம்பரப் பிரிவு குதூகலிக்கும். அதனால் நான் எழுதும்போது ‘ஈடு கேட்காத கடன்’ என்கிறேன். கச்சிதமாக வேண்டும் என்றால் ‘துணை ஈடு வேண்டாக் கடன்’. பேனரில் இரண்டு எழுத்து கூடும், கூடட்டும்.

பொருளை நம்மிடமே விட்டுவிட்டு அதன்மேல் வங்கி உரிமை எழுதிக்கொள்வதற்கு, அதாவது ஹைபாதிகேஷனுக்கு, இன்னும் எனக்கு ஒரு நல்ல சொல் அகப்படவில்லை. அடமானம் என்று போடுகிறார்கள், அது நிலத்துக்கு உரியது. அடகு என்றால் பொருளைக் கையில் கொடுத்துவிட வேண்டும். மாடு நம் தொழுவத்திலேயே நிற்கிறது, பால் நாம்தான் கறக்கிறோம், ஆனால் ஈடாகவும் இருக்கிறது. இதற்கு உங்கள் பக்கம் ஏதாவது சொல் புழக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்.